மூதூர் வள்ளத்தில் ஒரு மருந்து முட்டி

என் மனைவி இறந்துவிட்டாள் என்று கொட்டியாரக் குடாவின் தென்கரை ஒரு காலைப்பொழுது முழுவதும் நம்பியிருந்தது. அந்தச் செய்தியைப் பரப்பியவன் நான்தான். வாய் திறந்து பரப்பவில்லை. மடியில் ஒரு மண்முட்டியை, சின்ன மண்பானையை, வைத்துக்கொண்டு வள்ளத்துறையில் இருந்தேன், அவ்வளவுதான்.

முட்டிக்குள் இருந்தது என் மகளின் இன்சுலின். அது எப்படி மண்முட்டிக்குள் வந்தது என்பதை முதலில் சொல்லவேண்டும்.

அவளுக்குப் பத்து வயது முடிந்த மாரியில் தண்ணீர் குடிக்கத் தொடங்கினாள். பள்ளிக்கூடத்தால் வந்ததும் வீட்டுக்குள் ஏறாமல் கிணற்றடியிலேயே நின்று வாளியோடு குடித்தாள். "மற்றவைக்கும் கொஞ்சம் விடு பிள்ளை, கிணறு வத்தப்போகுது" என்று நான் பகிடி விட்டேன். அந்தப் பகிடியை அதன்பிறகு நான் ஒருநாளும் விட்டதில்லை. மூன்று கிழமையில் அவளுடைய சட்டை தோளில் நிற்காமல் வழுகியது. நாலாவது கிழமை அவள் மூச்சில் கனிந்து அழுகிய பழத்தின் மணம் வந்தது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தூக்கும்போது அவள் பாரமே இல்லை என்பதுதான் என்னைக் கூடுதலாகப் பயப்படுத்தியது.

டாக்குத்தர் "சலரோகம், நீரிழிவு" என்றார்.

"அது எங்கட பெரிய கிளாக்கருக்கெல்லோ இருக்கு" என்றேன். எங்கள் அரசாங்கக் கந்தோர் திருகோணமலையில், ஓர்ஸ் ஹில் என்ற மேட்டில் இருந்தது. பெரிய கிளாக்கர் அந்த ஏற்றத்தை மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறுவார். சலரோகம் என்றால் எனக்குத் தெரிந்தது அவருடைய வயிறுதான்.

"அவரின்ர வேறை, இது வேறை. அவர் வாயைக் கட்டினால் சமாளிக்கலாம். உங்கட பிள்ளை பட்டினி கிடந்தாலும் சமாளிக்க ஏலாது. ஊசி வேணும், நாளுக்கு ரெண்டு தரம்."

"எவ்வளவு நாளைக்கு?"

"அவ இருக்கிற நாள் முழுக்க" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சேர்த்தார்: "ஊசி இருக்கிற நாள் முழுக்க அவ இருப்பா."

அவர் ஆறுதலாகச் சொன்ன அந்த இரண்டாவது வசனம்தான் என்னை இன்றுவரை நிம்மதியாக இருக்க விடவில்லை. ஊசிமருந்து கப்பலில் வருவது. அது இரண்டாம் உலக யுத்தகாலம், கப்பல்களைக் கடலுக்கடியிலிருந்து சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் எங்கள் நாள் நிறத்தோடு விடியத் தொடங்கியது. அவளுடைய சிறுநீரில் சில சொட்டை ஒரு நீலத் தண்ணீரில் விட்டு, கண்ணாடிக் குழாயில் காய்ச்சவேண்டும். நீலமாகவே நின்றால் சீனி இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், தோடம்பழ நிறம் என்று ஏறிச் செங்கல் நிறம் வந்தால் அன்றைக்கு நான் கந்தோரில் ஒரு கடிதத்தையும் பிழையில்லாமல் எழுதமாட்டேன். குசினியில் விளக்கை வைத்துக் குழாயை ஆட்டிக்கொண்டு நின்ற என்னைப் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் பல நாள் பார்த்துவிட்டு, ஒருநாள் மெல்லக் கேட்டார்: "கிளாக்கர் ஐயா, இறங்கினதிலை எனக்கும் ஒரு சொட்டுத் தாங்கோவன்." அவர் சாராயம் காய்ச்சுவதாக நினைத்திருக்கிறார். காய்ச்சுவது என்னவென்று சொன்னேன். அதன்பிறகு அந்த வேலிப்பக்கம் அவர் வரவில்லை.

டாக்குத்தர் இன்னொரு ஆபத்தையும் சொல்லியிருந்தார். ஊசி போட்டபின் சாப்பாடு பிந்தினால் இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், காரணமில்லாமல் சிரிப்பு வரும், கோபம் வரும். உடனே சீனி கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் மயக்கம். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காரணமில்லாத கோபம் நோயின் அறிகுறி என்றால் என் மனைவியின் குடும்பத்தில் ஒருவரும் சுகதேகியில்லை. மகள் தம்பியோடு சண்டைபிடிக்கும் ஒவ்வொரு முறையும் நான் சீனியோடு ஓடினேன். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு நாள் போதுமாயிருந்தது. மூன்றாம் நாளிலிருந்து தம்பிக்கு ஒரு நிமிட நிம்மதியில்லை. பிறகு நான் முதலில் அவளுடைய நெற்றியைத் தொட்டுப் பார்க்கப் பழகினேன். வியர்வை இருந்தால் நோய், இல்லாவிட்டால் தாய்வழி. ஆனாலும் பேப்பரில் மடித்த சீனிப் பொட்டலம் ஒன்று எப்போதும் என் சட்டைப் பையில் இருந்தது.

மருந்தைக் குளிரில் வைக்கச் சொன்னார்கள். திருகோணமலையில் ஐஸ் இருந்தது, கடற்படைக்காரரின் கிளாசுகளுக்குள். எங்களுக்குக் கிடைத்தது மண்முட்டி. ஆற்றுமணலை நிரப்பி, நனைத்து, நடுவில் தகரப்பேணிக்குள் மருந்துப் போத்தலைப் புதைத்து, வாயை ஈர வேட்டித் துண்டால் கட்டி வைத்தோம். முட்டி வியர்க்க வியர்க்க உள்ளே குளிர்ந்தது. மனைவி ஒவ்வொரு வெள்ளியும் அதற்கு மூன்று விரலால் விபூதி பூசினாள். நான் படித்தவன், இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். "மருந்து மருந்தின்ர வேலையைச் செய்யட்டும், இது இதின்ர வேலையைச் செய்யட்டும்" என்றாள்.

வருடப்பிறப்புக்குச் சில நாள் இருக்கும்போது துறைமுகத்தில் யப்பான்காரரின் குண்டு விழுந்தது. அந்தக் காலையைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. அன்று மத்தியானமே ஊர் வெறுமையாகத் தொடங்கியது. கடைக்காரர் போனார், பால்காரர் போனார், சவரம் செய்கிறவரும் போனார். மனைவி மகனைக் கூட்டிக்கொண்டு, குடாவின் தென்கரையில் மூதூருக்குப் பக்கத்துக் கட்டைபறிச்சானில் இருந்த தமக்கை வீட்டுக்குப் போனாள். நானும் மகளும் போகமுடியவில்லை. இருந்த போத்தலில் இரண்டு நாளுக்குத்தான் மருந்து இருந்தது, கொழும்பிலிருந்து வரவேண்டியது வரவில்லை. பழைய போத்தல் முடிந்த அன்று பின்னேரம், கையெல்லாம் புழுதியோடு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி ஒரு போத்தலைக் கொண்டுவந்து தந்தார். "இதைவிட இப்ப வேறை இல்லை. பிறகு வந்தால் சொல்லி அனுப்புறன். இதைக் கடலிலை தாட்டுப்போடாமல் கொண்டுபோங்கோ" என்றார்.

மறுநாள் காலை ஆறரைக்கு ஊசி, ஏழுக்கு ஒரு குரக்கன் ரொட்டி. பத்து மணிக்குச் சாப்பிட இன்னொரு ரொட்டியைத் துண்டில் முடிந்துகொண்டேன். ஏழரைக்கு வள்ளத்துறையில் இருந்தோம். முதல் வள்ளம் நிறைந்து எங்களை விட்டுவிட்டுப் போனது. அதில் போனவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டு போனார்கள். அவர்கள் கண்டது என்னவென்று எனக்கு இப்போது தெரியும்: ஐந்து நாள் தாடி, சிவந்த கண், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சால்வை, மடியில் வெள்ளைத்துணியால் வாய்கட்டி விபூதி பூசிய முட்டி. அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மெலிந்த ஒரு பெண்பிள்ளை, தாயைக் காணவில்லை.

இரண்டாவது வள்ளம் ஒரு கடை முதலாளியின் மூட்டைகளுக்காகக் காத்துநின்று ஒன்பது மணிக்குத்தான் பாய் விரித்தது. வள்ளத்தை ஓட்டிய தண்டையல், நான் கேட்காமலே என்னை முன்பக்கம் நல்ல இடத்தில் இருத்தினார். கூலியை நீட்டினேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "இதுக்கு வாங்கிற வழக்கமில்லை ஐயா" என்றார். யுத்தம் மனிதரை எவ்வளவு நல்லவர்களாக்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு எதிரே தென்கரைக் கிராமமொன்றின் அரசாங்கத் தலைவரான விதானையார் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் முதலாளி, தன் மூட்டையொன்றின்மேலேயே குந்தியிருந்தார். சீனி கட்டுப்பாட்டில் இருந்த காலம், பதுக்கிக் கடத்துகிறவர்களைப் பிடிப்பது விதானைமாரின் வேலை. விதானையார் மூட்டையைப் பார்க்க, முதலாளி கேட்காமலே "உப்பு" என்றார்.

மகள் என் காதோடு, "அப்பா, உப்பிலை எறும்பு ஏறுமோ?" என்று கேட்டாள். மூட்டையின் தையல் நெடுக ஒரு எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. "பேசாமல் இரு" என்றேன்.

பெட்டியோடு வந்திருந்த ஒரு மூதூர் அம்மா அவளுடைய தலையைத் தடவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு எள்ளுருண்டையை நீட்டினார். நீலமோ செங்கல்லோ தெரியாத நேரம். "அவவுக்கு ஒண்டும் குடுக்கக்கூடாது" என்றேன், கொஞ்சம் கடுமையாகத்தான். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். உருண்டைகளையெல்லாம் மற்றவர்களுக்குப் பங்கிட்டுவிட்டு எனக்கு முதுகைக் காட்டி இருந்தார்.

விதானையார் தொண்டையைச் செருமினார். "கனநாள் வருத்தமோ?"

மகளின் மெலிவைப் பார்த்துக் கேட்கிறார் என்று நினைத்தேன். "நாலு மாதம், ஆஸ்பத்திரியும் வீடுமா."

"டாக்குத்தர் என்ன சொன்னவர்?"

"ஊசி இருக்கிற நாள் முழுக்க இருப்பா எண்டவர்."

"ஊசி முடிஞ்சுபோச்சாக்கும்."

"ஓம், நேற்று முடிஞ்சுது" என்றேன். பின்னேரமே புதுப்போத்தல் கிடைத்ததைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் என் தோளில் கைவைத்தார். "என்ன செய்யிறது, எல்லாருக்கும் உள்ளதுதான். நீங்கள் மனதை விடாதையுங்கோ. இந்தப் பிள்ளைக்கு இனி நீங்கள்தானே." எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வருத்தத்தைப் பற்றி இவ்வளவு அனுதாபமாக ஒருவரும் என்னோடு கதைத்ததில்லை.

மகள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டதாம். எங்கே போய் முடிகிறதென்று பார்க்கச் சும்மா இருந்தாளாம். இதைப் பிறகுதான் சொன்னாள்.

பத்து மணியிருக்கும். ரொட்டியை அவிழ்க்கலாம் என்று துண்டில் கைவைத்தபோது பாய் இறங்கியது. வள்ளம் நின்றது. மகாவலி கங்கை கடலில் விழுகிற இடம். ஆற்றுநீரின் கலங்கலும் கடலின் பச்சையும் கோடுபோட்டாற்போலத் தெரிந்தன. எல்லாரும் எழுந்து நின்றார்கள். விதானையார் தலைப்பாகையைக் கழற்றினார். நானும் ஏதோ கோயில் இருக்கிறதாக்கும் என்று எழுந்தேன்.

தண்டையல் இடுப்பில் சால்வையைக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "குடுங்கோ ஐயா. உங்களாலை ஏலாது, நான் செய்யிறன்."

"என்ன செய்யிறியள்?"

"கங்கையும் கடலும் சேருற இடம். இதைவிட நல்ல இடம் கிடையாது. சாம்பலோடை கரை தொடுறதில்லை, அது வள்ளக்காரரின்ர வழக்கம்." சொல்லிக்கொண்டே முட்டியைப் பிடித்துவிட்டார்.

எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. அந்த ஒரு கணத்தில் முட்டி என் கையை விட்டுப் போய்விட்டது. "விடுங்கோ, விடுங்கோ, அது பிள்ளையின்ர உயிர்" என்று கத்தினேன். கத்தியது உதவவில்லை. மூதூர் அம்மா ஒப்பாரி தொடங்கிவிட்டார். விதானையார் பின்னாலிருந்து என்னைக் கட்டிப்பிடித்து, "விடுங்கோ தம்பி, போனவை போனவைதான்" என்றார். தண்டையல் முறைப்படி கடலுக்கு முதுகைக் காட்டி, முட்டியைத் தோளுக்கு மேலால் போட உயர்த்தினார்.

விதானையாரை உதறிவிட்டுப் பாய்ந்தேன். முட்டியைப் பிடித்தேன். பிடித்தபடியே, ரொட்டி முடிந்த துண்டோடும் சால்வையோடும் கடலுக்குள் விழுந்தேன். எனக்கு நீந்தத் தெரியாது என்பது விழுந்தபிறகுதான் ஞாபகம் வந்தது. சாகப்போகிறேன் என்று முடிவுசெய்து காலை உதறினேன். கால் மணலில் பட்டது. ஆறு மணல் கொட்டித் திடலாக்கிய இடம் அது. எழுந்து நின்றேன். தண்ணீர் என் நெஞ்சளவு. முட்டியைத் தலைமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூக்கால் தண்ணீர் ஓட, கொட்டியாரக் குடாவின் நடுவில் நின்றேன்.

வள்ளத்தில் ஒப்பாரி பாதியில் நின்றது. மகள் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அது அம்மா இல்லை" என்றாள். "அது என்ர மருந்து. அம்மா கட்டைபறிச்சானிலை பெரியம்மா வீட்டை இருக்கிறா."

என்னை ஏற்றினார்கள். துணியை அவிழ்த்து மணலைத் தோண்டினேன். பேணிக்குள் போத்தல் உடையாமல் இருந்தது. அதை எல்லாருக்கும் காட்டினேன். மூதூர் அம்மா, அழுத கண்ணீர் வீணாகப் போன கோபத்தோடு, "இதை முதலிலை சொல்லுறதுக்கென்ன?" என்றார்.

"இவ்வளவுக்கு இதென்ன மருந்து?" என்று தண்டையல் கேட்டார். டாக்குத்தர் எனக்குச் சொன்ன விளக்கம் எனக்கே பாதிதான் விளங்கியிருந்தது. தண்டையலுக்குச் சொல்லும்போதுதான் முழுக்க விளங்கியது. "இப்பிடிப் பாருங்கோ. துறைமுகத்திலை கப்பல் நிறையச் சாமானோடை நிக்குது. கரையிலை சனம் பட்டினி. ஏன்? சாமானை இறக்க வள்ளம் இல்லை. இந்தப் பிள்ளையின்ர இரத்தத்திலை சீனி கிடக்கு, உடம்புக்குள்ளை இறங்குதில்லை. இந்த மருந்துதான் வள்ளம்."

"அப்ப வள்ளம் நிறையப் போனால்?"

"கப்பல் வெறுமையாகிப்போகும். அதுவும் ஆபத்துத்தான்."

இதை நான் பெருமையோடு விளக்கிக்கொண்டிருந்த நேரமெல்லாம் மகள் சிரித்துக்கொண்டே இருந்தாள். முதலில் எல்லாரும் கூடச் சிரித்தார்கள். பிறகு அவள் மட்டும் சிரித்தாள். பிறகு விதானையாரைப் பார்த்து, "நீர் ஏன் மொட்டையைக் காட்டிக்கொண்டு நிக்கிறீர், தலைப்பாகையைப் போடும்" என்று சீறினாள். என் மகள் பெரியவர்களை ஒருநாளும் அப்படிக் கதைத்ததில்லை. நெற்றியைத் தொட்டேன். குளிர்ந்து, நனைந்திருந்தது. அவள் கடலில் விழவில்லையே.

ரொட்டி கடலில். சட்டைப் பையில் கைவைத்தேன். ஈரப்பேப்பர் கூழாக வந்தது. விரலை நக்கினேன். உப்பு. மருந்தைக் காப்பாற்றப் போய்ச் சீனியைக் கரைத்துவிட்டேன்.

"ஆரிட்டையாவது இனிப்பா ஏதாவது இருக்கோ?" என்று கேட்டேன்.

மூதூர் அம்மா பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். எள்ளு ஒன்றிரண்டு விழுந்தது. எள்ளுருண்டைகள் பத்துப்பேரின் வயிற்றில் இருந்தன.

"சலரோகப் பிள்ளைக்குச் சீனி குடுக்கிறதோ?" என்றார் முதலாளி. "ஆளைக் கொல்லுற வேலையெல்லோ."

"முதலாளி, கேட்டனீர்தானே, இப்ப வள்ளம் கூடிப்போச்சு" என்றார் தண்டையல். "கப்பலிலை சாமான் இல்லை."

மகளின் தலை என் தோளில் சாய்ந்தது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. அப்போதுதான் எறும்புகள் ஞாபகம் வந்தன. கடந்த நாலு மாதத்தில் எவ்வளவோ பேரிடம் எவ்வளவோ கெஞ்சியிருக்கிறேன். ஒரு விதானையாருக்கு முன்னால் ஒரு மனிதரின் மூட்டையைக் காட்டிக்கொடுத்தது அன்றுதான்.

"முதலாளி, அந்த மூட்டையிலை ஒரு பிடி தாங்கோ."

"அது உப்பு, ஐயா" என்றார். முகம் சாம்பலாகிவிட்டது. "உப்பைப் பிள்ளைக்குக் குடுக்க ஏலுமோ?"

விதானையார் தலைப்பாகையைப் போட்டுக்கொண்டார். "உப்பெண்டாலும் பரவாயில்லை. மூட்டையை அவிழும்."

முதலாளி எழுந்து, தையலைப் பிரித்தார். விதானையார் இரண்டு விரலால் கிள்ளி வாயில் போட்டு, தூரத்தில் தெரிந்த மூதூர்க் கரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சுவைத்தார்.

"நல்ல உப்பு" என்றார். "பிள்ளைக்குக் குடுங்கோ."

சிரட்டையில் தண்ணீர் விட்டுக் கரைத்து, சொட்டுச் சொட்டாக அவள் வாய்க்குள் விட்டேன். முதலில் கடைவாயால் வழிந்தது. பிறகு தொண்டை அசைந்தது. வள்ளத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அந்தத் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு அதற்குள் வயது ஏறிவிட்டது. கடைசியில் அவள் கண்ணைச் சுருக்கி, "ஏன் எல்லாரும் என்னைப் பாக்கிறியள்?" என்று கேட்டாள். பிறகு, "இன்னும் கொஞ்சம் உப்புத் தாங்கோ" என்றாள்.

முதலாளிதான் முதலில் சிரித்தார். பாவம், போன மூச்சு அவருக்குத்தான் அப்போது திரும்பி வந்திருந்தது.

கட்டைபறிச்சானில் மனைவி படலையில் நின்றாள். முதல் வள்ளத்தில் போனவர்களில் தமக்கையைத் தெரிந்த சிலர் துக்கம் சொல்ல வீடு தேடி வந்திருக்கிறார்கள். படலையைத் திறந்தது இவள்தானாம், கையில் மீன் செதிலோடு. வந்த பெண்களில் ஒருத்தி கும்பிட்டுவிட்டுத் திரும்பி ஓடியிருக்கிறாள்.

"நான் செத்ததுக்குத் தாடி வளர்த்தனீங்களாம்" என்றாள். "உயிரோடை இருக்கேக்கை ஒரு பூ வாங்கித் தரேல்லை." பிறகு மகளைப் பார்த்தாள், என் ஈரவேட்டியைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் அடுப்பில் தோசைக்கல்லை வைத்தாள்.

பொழுதுபடும் நேரம் அடுத்த ஊசி. ஊசியைக் கல்லில் தீட்டினேன், அதையும் மருந்துக் குழலையும் கொதிநீரில் அவித்தேன், போத்தலை முட்டியிலிருந்து எடுத்தேன். அதுவரை என் கை சொன்னபடி கேட்டது. மருந்தை இழுக்கும்போது நடுங்கத் தொடங்கியது. இரண்டு தரம் இழுத்து, இரண்டு தரம் காற்று வந்து, திரும்பப் போத்தலுக்குள் விட்டேன். மூன்றாம் தரம் ஊசிமுனை போத்தலின் வாயையே தேடிப் பிடிக்கவில்லை. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளால் ஒருநாளும் பார்க்க முடிந்ததில்லை.

"இஞ்சை தாங்கோ அப்பா" என்றாள் மகள்.

"உனக்கு ஏலாது பிள்ளை."

"நாலு மாதமாப் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன். உங்களுக்குத்தான் ஏலாமல் கிடக்கு."

கொடுத்தேன். வேறு வழியில்லாமல்தான் கொடுத்தேன். அவள் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கோட்டை எண்ணி இழுத்தாள். நான் ஒரு தரம் எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. இன்னொரு தரம் எண்ணினேன். மூன்றாம் தரம் எண்ணக் குனிந்தபோது, பக்கத்தில் கிடந்த முட்டியைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"நீங்கள் அதை மடியிலை வைச்சுப் பிடிச்சுக்கொண்டு இருங்கோ. அதுதான் உங்களுக்குப் பழக்கம்."

பிடித்துக்கொண்டேன். அவள் தொடையைக் கிள்ளிப் பிடித்து, ஒன்று இரண்டு என்று எண்ணி, மூன்று சொல்லாமலே குத்தினாள். எடுத்தபிறகு ஒரு துளி இரத்தத்தைத் துடைத்துவிட்டு, தோசை எப்போது என்று குசினிப் பக்கம் பார்த்துக் கேட்டாள்.

முட்டி என் மடியில் வியர்த்துக் குளிர்ந்துகொண்டிருந்தது. வேட்டி இரண்டாவது தரமும் நனைந்துவிட்டதை அவள் எழுந்துபோன பிறகுதான் கவனித்தேன்.